கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஷ்யூரிட்டி: மோதிராம் வழக்கு, ஒரு முழு ஆய்வு

பெயில் கிடைச்சிருச்சுன்னு ஃபோன் வந்தா நம்ம எல்லாரும் ஆள் வெளிய வந்துட்டான்னு தான் நினைச்சுக்குவோம். ஆர்டர் போட்ட நாளுக்கும் ஜெயில் கேட் திறக்குற நாளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்குங்க. வசதி இருக்கிறவனுக்கு அது ஒரே ஒரு சாயங்காலம், இல்லாதவனுக்கு வாரம், மாசம், சில பேருக்கு வருஷம். அந்த இடைவெளியில மாட்டிக்கிட்ட ஒரு கொத்தனாரோட கேஸ் தான் இது. மோதிராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு, உச்ச நீதிமன்றம், தீர்ப்பு தேதி 1978 ஆகஸ்ட் 24. நீதிபதிகள் வி.ஆர். கிருஷ்ணய்யரும் டி.ஏ. தேசாயும், எழுதினவர் கிருஷ்ணய்யர்.

சட்டம் படிச்சவங்க நிறைய பேரு "பெயில் தான் விதி, ஜெயில் விதிவிலக்கு"ங்கிற வரியை மனப்பாடமா சொல்லுவாங்க, அது 1977ல பால்சந்த் கேஸ்ல இதே கிருஷ்ணய்யர் சொன்னது. அந்த வரி பெயில் ஆர்டர் வாங்குற வரைக்கும் தான் கை குடுக்கும். ஆர்டர் வாங்கினதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு கேட்டது மோதிராம் கேஸ். என்னைக் கேட்டா ஏழைக்கு இது தான் பெரிய கேஸ், ஆனா இதைப் படிச்சவங்க கம்மி, அதனால தான் உட்கார்ந்து எழுதுறேன்.

என்ன நடந்துச்சு

மோதிராம் கொத்தனார் வேலை பாக்குறவரு. அவருக்கு பெயில் குடுத்ததே உச்ச நீதிமன்றம் தான், அதுக்கு மேல இந்த நாட்டுல கோர்ட்டே கிடையாது. ஆனா அந்த ஆர்டர்ல எவ்வளவு தொகை, எத்தனை ஜாமீன்தாரர்னு விவரமா எழுதல, சி.ஜே.எம். (தலைமை நீதித்துறை மாஜிஸ்ட்ரேட்) திருப்திப்படுற மாதிரி ஜாமீன் குடுத்துட்டுப் போகலாம்னு மட்டும் இருந்துச்சு. இந்த "திருப்திப்படுற மாதிரி"யைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, மொத்தப் பிரச்சனையும் அதுக்குள்ள தான் இருக்கு.

ஆர்டர் கீழ போச்சு. மாஜிஸ்ட்ரேட் 10,000 ரூபாய்க்கு ஷ்யூரிட்டி கொண்டு வரச் சொல்லிட்டாரு. 1978ல ஒரு கொத்தனாரோட தினக்கூலி என்னவா இருந்திருக்கும்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, 10,000ங்கிறது வருஷக்கணக்கான கூலி. சரி எப்படியோ அண்ணன் தம்பி ஒருத்தர் நான் நிக்கிறேன்னு வந்தாரு. அவரையும் ஏத்துக்கல. காரணம் என்ன தெரியுமா, அவரும் அவரோட சொத்தும் வேற மாவட்டத்துல இருக்காம். அதே மாநிலம் தான், பக்கத்து மாவட்டமா கூட இருந்திருக்கலாம், ஆனா இந்தக் கோர்ட் எல்லைக்குள்ள இல்ல, அதனால செல்லாது.

அப்போ நிலைமை என்னன்னு பாருங்க. நாட்டோட உச்ச கோர்ட் இவரை விடுங்கன்னு சொல்லிருச்சு, இவரு ஜெயில்லயே இருக்காரு. மறுபடியும் டெல்லிக்கே மனு போட்டாரு, தொகையை 2,000 ஆக்குங்க இல்லைன்னா என் சொந்த ஜாமீன்லயே விடுங்கன்னு. அவருக்கு மறுபடி அங்க வரைக்கும் போறதுக்கு வக்கீல் கிடைச்சாரு. கிடைக்காத மோதிராம்கள் எத்தனை பேரு இருந்திருப்பாங்கன்னு நினைச்சா நெஞ்சு அடைக்குது.

இந்த இடத்துல ஒரு விஷயம் தெளிவுபடுத்திடுறேன், ஏன்னா படிச்சவங்களே இதுல குழம்பிப் போறாங்க. ஷ்யூரிட்டின்னா அந்த 10,000ஐ அன்னைக்கே கோர்ட்ல கட்டணும்னு அர்த்தம் இல்ல. இந்த ஆள் வாய்தாவுக்கு வராம ஓடிப் போயிட்டா நான் இவ்வளவு கட்டுறேன்னு இன்னொருத்தர் எழுதிக் குடுக்குறது தான் அது, அப்படி எழுதிக் குடுக்குறவருக்கு அந்த அளவுக்குச் சொத்து இருக்குன்னு பேப்பர் காட்டணும். ஆக ஏழைக்குத் தேவைப்படுறது பணத்தைவிட ஒரு மனுஷன். சொந்தமா வீடோ நிலமோ இருக்கிற, அதுக்குச் சரியான பேப்பர் வச்சிருக்கிற, ஒரு நாள் வேலையை விட்டுட்டு கோர்ட்டுக்கு வந்து நிக்கிற, இவன் ஓட மாட்டான்னு நம்புற மனுஷன். ஏழையோட சொந்தக்காரங்களும் ஏழையா தானே இருப்பாங்க, அவங்ககிட்ட நம்பிக்கை நிறைய இருக்கும், பட்டா இருக்காது.

கோர்ட் எடுத்துக்கிட்ட மூணு கேள்வி

தொகையைக் குறைச்சு ரெண்டு வரில ஆர்டர் போட்டுட்டுப் போயிருக்கலாம், அப்படித் தான் வழக்கமா முடியும். கிருஷ்ணய்யர் அதைச் செய்யல. முதல்ல, நான்-பெயிலபிள் கேஸ்ல, அதாவது பெயிலை உரிமையா கேக்க முடியாத, கோர்ட் பார்த்துக் குடுத்தா தான் உண்டுங்கிற கேஸ்ல, ஜாமீன்தாரரே இல்லாம, ஆளோட சொந்த வாக்குறுதியை மட்டும் வச்சு வெளிய விட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டாரு. ரெண்டாவது, ஷ்யூரிட்டி வேணும்னே முடிவு பண்ணினா தொகையை எதை வச்சு நிர்ணயிக்கணும். மூணாவது, வேற மாவட்டம் வேற மாநிலம்ங்கிற காரணத்துக்காக ஒரு ஜாமீன்தாரரைத் தள்ளி விட முடியுமா.

முதல் கேள்வி வெளிய இருந்து பார்த்தா சின்னதா தெரியும், உள்ள போனா சிக்கல். 1973 சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) முழுக்கத் தேடினாலும் பெயில்னா என்னன்னு ஒரு விளக்கம் கிடையாது. சில பிரிவுல பெயில்ங்கிற சொல்லு ஜாமீன்தாரரோட சேர்ந்து வருது, சில இடத்துல அது தனியா, சொந்த பாண்டு (ஜாமீன்தாரர் இல்லாம ஆளே எழுதிக் குடுக்குற வாக்குறுதிப் பத்திரம்) தனியா வருது. இதை வச்சுக்கிட்டு, பெயில்னாலே ஷ்யூரிட்டி தான் சார்னு அடிச்சுச் சொல்ற பழக்கம் கீழ்க் கோர்ட்டுகள்ல ஊறிப் போயிருந்துச்சு. கிருஷ்ணய்யர் பிரிவு பிரிவா போயி, வார்த்தை ரெண்டு பக்கமும் இழுக்குது, அப்படி இருக்கும்போது ஏழையோட விடுதலைக்குச் சாதகமா தான் அர்த்தம் எடுக்கணும்னு முடிவுக்கு வராரு. பெயில்ங்கிறதுல ஷ்யூரிட்டியோட விடுறதும் அடக்கம், ஷ்யூரிட்டி இல்லாம சொந்த பாண்டுல விடுறதும் அடக்கம். இது தான் இந்தத் தீர்ப்போட சட்ட முதுகெலும்பு.

ரெண்டாவது கேள்விக்கு வரும்போது அவரு குரல் மாறுது. கொத்தனாரையும் கோடீஸ்வரனையும் ஒரே மாதிரி நடத்தினா சட்டவிரோதம் தானா வந்து சேரும்ங்கிற மாதிரி எழுதுறாரு. அதாவது தொகை எல்லாருக்கும் ஒண்ணுன்னா சமம் மாதிரி தெரியும், நிஜத்துல அது பணக்காரனுக்குக் கதவு, ஏழைக்குச் சுவர். பெயில் தொகை ஓவரா இருக்கக் கூடாதுன்னு சி.ஆர்.பி.சி. 440லயே இருந்துச்சு, அதுக்குப் பதிலா வந்த புது சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அது 484வது பிரிவு. அந்தப் பிரிவு புஸ்தகத்துல பத்திரமா இருந்துச்சு, மோதிராமும் ஜெயில்ல பத்திரமா இருந்தாரு, ரெண்டையும் ஒரே மேஜையில கொண்டு வந்து வச்சது இந்தத் தீர்ப்பு.

ஆள் ஓட மாட்டான்ங்கிறதுக்கு பணம் தான் ஒரே கயிறுன்னு நினைக்கிறது எங்க இருந்து வந்துச்சுன்னு அவரு தோண்டிப் பாக்குறாரு. அந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கான், வேலை என்ன, குடும்பம் கூட இருக்கா, முன்னாடி கேஸ்ல வாய்தாவுக்கு ஒழுங்கா வந்தானா, அவனைத் தெரிஞ்ச நாலு பொறுப்பானவங்க இருக்காங்களா, இதெல்லாம் தான் ஒருத்தனைக் கட்டிப் போடுற உண்மையான வேர். பணத்தை நம்புறதை ஒரு மூடநம்பிக்கைன்னே சொல்லி, இதைப் பார்லிமெண்ட் யோசிக்கட்டும்னு விடுறாரு. வெளிநாட்டுலயும் இதே விஷயம் அப்போ பேசப்பட்டுட்டு தான் இருந்துச்சு. 1961ல நியூயார்க் மன்ஹாட்டன்ல இந்த மாதிரி குடும்பம், வேலை, இருப்பிடம் எல்லாம் விசாரிச்சு, பணம் கேக்காமலே ஆளை விட்டுப் பார்த்தாங்க, பெரும்பாலானவங்க ஒழுங்கா கோர்ட்டுக்கு வந்தாங்க. 1966ல அமெரிக்காவுல பெயில் சீர்திருத்தச் சட்டத்துல கையெழுத்துப் போடும்போது அதிபர் ஜான்சன், அந்த ஆள் உள்ள இருக்கிறதுக்கு ஒரே காரணம் அவன் ஏழைங்கிறது தான்னு சொன்னாரு.

மூணாவது கேள்வி, நமக்கு ரொம்ப நெருக்கமானது. இந்தியா ஒண்ணு, ஒண்ணை ஒண்ணு தீண்டாத மாவட்டங்களோட மூட்டை இல்லைங்கிற அர்த்தத்துல ஒரு வரி வருது. அதுக்கு அப்புறம் அவரு கேக்குறாரு, ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ ஆந்திராக்காரரோ பஸ்தர்லயோ போர்ட் பிளேர்லயோ பஹல்காம்லயோ சாந்தினி சவுக்லயோ கைதாகிட்டா என்ன பண்ணுவான், அந்தத் தூரத்து ஊர்ல சொத்து இருக்கிற ஜாமீன்தாரருக்கு எங்க போவான், வேலை தேடிப் போனவனா இருக்கலாம், ஏதோ ஒரு கூட்டத்தோட போனவனா இருக்கலாம், அங்க அவனுக்கு யாரையுமே தெரியாம இருக்கலாமேன்னு. கோர்ட் இருக்கிற மாவட்டத்துல இருந்து தான் ஷ்யூரிட்டி வரணும்னு எந்தச் சட்டத்துல இருக்குன்னும் கேக்குறாரு. எதுலயும் இல்ல.

நான் முதல் தடவை இதைப் படிச்சப்போ தமிழர்ங்கிற சொல்லைப் பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு. இப்போ படிக்கும்போது வேற ஒண்ணு தான் கண்ணு முன்னாடி வருது. இன்னைக்கு நம்ம ஊர்ல கட்டடம் கட்டுறதும் டைல்ஸ் போடுறதும் பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கப் பசங்க. அன்னைக்கு நமக்காக அவரு கேட்ட கேள்வியை இன்னைக்கு அவங்க நம்மகிட்ட கேக்குறாங்க.

கடைசியில ஆர்டர் என்னன்னா, ஒரு கொத்தனார்கிட்ட போயி 10,000 கேக்குறது மனசாட்சியை உலுக்குதுன்னு சொல்லிட்டு, 1,000 ரூபாய்க்கு அவரோட சொந்த பாண்டுலயே மோதிராமை விடச் சொன்னாங்க. அவரு கேட்டதே 2,000.

எழுதினவரைப் பத்தி கொஞ்சம்

இது தேவையான்னு சில பேருக்குத் தோணலாம், எனக்குத் தேவைன்னு படுது. கிருஷ்ணய்யர் பாலக்காட்டுப் பக்கம் 1914ல பொறந்தவரு, அண்ணாமலை யூனிவர்சிட்டியில படிச்சு, சட்டத்தை சென்னையில முடிச்சு, தலச்சேரியில வக்கீலா இருந்தவரு. 1948ல கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சட்ட உதவி பண்ணினாருன்னு சொல்லி அவரையே ஒரு மாசம் உள்ள வச்சாங்க. 1957ல கேரளாவுல நம்பூதிரிபாடு மந்திரிசபையில சட்டம், உள்துறை, சிறைத்துறை எல்லாம் பார்த்தாரு. அதாவது கைதியா ஜெயிலைப் பார்த்திருக்காரு, மந்திரியா ஜெயிலைப் பார்த்திருக்காரு, அதுக்கு அப்புறம் நீதிபதியா இந்த ஃபைலைத் திறக்குறாரு. மாவட்ட எல்லையைக் காரணம் காட்டி ஒருத்தனை உள்ள வைக்கிறதுல அவருக்கு வந்த கோபம் புஸ்தகத்துல இருந்து வந்த கோபம் மாதிரி எனக்குத் தெரியல.

தீர்ப்பு எங்க குறைஞ்சு போச்சு

இவ்வளவு மதிப்பு வச்சிருக்கேன், இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லியே ஆகணும். தீர்ப்பு மாஜிஸ்ட்ரேட்டோட மனசை மாத்தப் பார்த்துச்சு, அவரு பாக்குற நடைமுறையை மாத்தல. பெயில் ஆர்டர் வந்து பத்து நாள் ஆகியும் ஒரு ஆள் உள்ளயே இருந்தா அது யாருக்குத் தெரியணும், யாரு வந்து ஏன்னு கேக்கணும், எத்தனை நாளைக்குள்ள கேக்கணும், இதுல எதுக்கும் பதில் இல்ல. கெடு கிடையாது. மோதிராமுக்கு 1,000 ரூபாய் பாண்டுல விடுதலை கிடைச்சுச்சு, அடுத்த ஆளுக்கு ஒரு நல்ல மேற்கோள் கிடைச்சுச்சு, அவ்வளவு தான். "மாஜிஸ்ட்ரேட் திருப்திப்படுற மாதிரி"ங்கிற அந்த வாசகம் ஆர்டர்கள்ல அப்படியே தொடர்ந்துச்சு, இன்னைக்கும் தொடருது.

அடுத்த வருஷமே பிரச்சனை எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சு போச்சு. போலீஸ் கமிஷன் உறுப்பினரா இருந்த ருஸ்தம்ஜி பீகார் ஜெயில்களைப் பார்த்துட்டு வந்து 1979 ஜனவரியில இந்தியன் எக்ஸ்பிரஸ்ல எழுதினாரு, அதை வச்சு வக்கீல் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனாங்க, அது தான் ஹுசைனாரா காத்தூன் கேஸ். சில மாசமோ ரெண்டு வருஷமோ தண்டனை வரக்கூடிய சின்னக் கேஸுக்கு மூணு வருஷத்துல இருந்து பத்து வருஷம் வரைக்கும் விசாரணையே தொடங்காம உள்ள கிடந்திருக்காங்க, பொம்பளைங்க, குழந்தைங்க உட்பட. நீதிபதி பகவதி சொந்த பாண்டுல விடுங்கன்னு ஆர்டர் போட்டு, ஏழைக்கு இலவச வக்கீல் கிடைக்கிறதும் வாழ்வுரிமைக்குள்ள வர்றது தான்னு எழுதினாரு. வெளிய வந்தவங்க ஏராளம். ஆனா அங்கயும் வேலை, அப்போ மாட்டியிருந்தவங்களை வெளிய எடுக்குறதா தான் பெரும்பாலும் முடிஞ்சுச்சு.

அப்புறம் ரொம்ப காலம் மெதுவா தான் நகர்ந்துச்சு. 2005ல ஒரு திருத்தம் வந்துச்சு, பெயிலபிள் கேஸ்ல, அதாவது பெயிலை உரிமையாவே கேக்கக் கூடிய கேஸ்ல, கைதாகி ஒரு வாரத்துக்குள்ள ஜாமீன் குடுக்க முடியலைன்னா அவன் வசதி இல்லாதவன்னு எடுத்துக்கிட்டு சொந்த பாண்டுல விடணும்னு. நல்லது தான். ஆனா நான்-பெயிலபிள் கேஸ்ல உள்ள அடைஞ்சு கிடக்குறவங்களுக்கு அது பொருந்தாது.

ஷ்யூரிட்டி குடுக்கப் போன ஒரு நாள்

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்துல வீடு கட்டுற இடத்துல டைல்ஸ் வேலை பார்த்த வட மாநிலத்துப் பையன் ஒருத்தன் ஒரு அடிதடி கேஸ்ல உள்ள போயிட்டான். பெயில் கிடைச்சுச்சு, ரெண்டு ஷ்யூரிட்டி, தலா 10,000. தொகையைப் பாருங்க, நாப்பது வருஷம் கழிச்சும் அதே 10,000, அது எனக்கு அப்போ உறைக்கல. நம்ம பக்கம் ஆர்டர்கள்ல வழக்கமா வர்ற கண்டிஷன் எல்லாம் அதுலயும் இருந்துச்சு, ஜாமீன்தாரர் பத்திரத்துல ஃபோட்டோ ஒட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கணும், ஆதார் இல்லைன்னா பேங்க் பாஸ்புக் நகல் குடுக்கணும், பையன் தினமும் காலையில 10.30க்கு ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். அவனுக்கு இங்க யாரு இருக்கா. மேஸ்திரி ஒருத்தரா வரேன்னாரு, இன்னொருத்தரா நான் போனேன்.

போனது வெள்ளிக்கிழமை. வீட்டு வரி ரசீதை நீட்டினேன், கிளார்க் பார்த்துட்டு இது யாரு பேருன்னாரு, எங்க அப்பா பேரு சார்னேன், அப்போ அவரைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு, நாங்க பேர் மாத்தாமலே இருந்துட்டோம். மேஸ்திரிக்கு ஆதார்ல இனிஷியல் முன்னாடி, ரசீதுல இனிஷியலே இல்ல, ரெண்டும் ஒரே ஆளுன்னு வி.ஏ.ஓ.கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னுட்டாங்க. யாரும் திட்டல, யாரும் காசு கேக்கல, அவங்க அவங்க வேலையை முறையா தான் பார்த்தாங்க. ஆனா சனி, ஞாயிறு போச்சு, திங்கள் வி.ஏ.ஓ. மீட்டிங், புதன் மாஜிஸ்ட்ரேட் லீவு. வராண்டாவுல ஒருத்தர் பக்கத்துல வந்து, ரெடியா ஆள் இருக்கு, ரசீது எல்லாம் பக்கா, ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு மெதுவா சொல்லிட்டுப் போனாரு. எவனையும் தெரியாத பையனுக்கு எவனையும் தெரியாத ஒருத்தன் காசுக்கு ஜாமீன் நிப்பான், அது செல்லும். நாலு மாசமா அவன் கூட ஒண்ணா சாப்பிட்டு வேலை பார்த்த மேஸ்திரி இனிஷியலுக்காக வெளிய நிக்கணும். முறையா வர்றவனுக்கு வழி அடைபட்டா, முறை தெரியாத சந்து எங்க திறக்கும்னு அன்னைக்கு நேர்ல பார்த்தேன்.

கடைசியில என் மச்சான் பேர்ல இருந்த வீட்டை வச்சு பதினோராவது நாள் முடிஞ்சுச்சு. அன்னைக்கும் ஆர்டர் ஜெயிலுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் கேட் சாத்தியாச்சு, அதனால மறுநாள் காலையில தான் விட்டாங்க. வெளிய வந்தப்போ அந்த சைட்ல டைல்ஸ் வேலை முடிஞ்சிருந்துச்சு, கூட வந்த பசங்க வேற ஊருக்குப் போயிருந்தாங்க. அவனால போக முடியல, தினமும் 10.30க்கு கையெழுத்து இருக்கே. காலையில 10.30க்கு ஸ்டேஷன்ல நிக்கிறவனை எந்த மேஸ்திரி எட்டரை மணி வேலைக்குக் கூப்பிடுவாரு.

2021க்கு அப்புறம்

2021 ஜூலையில ஆக்ரா மத்தியச் சிறையில 13 பேருக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால பெயில் குடுத்தும், ஆர்டரோட சான்றளிச்ச நகல் வரலைன்னு பல நாள் விடல. அப்போ தலைமை நீதிபதியா இருந்த ரமணா, இந்தக் காலத்துலயும் புறா ஆர்டரைத் தூக்கிட்டு வரும்னு வானத்தைப் பார்த்துட்டு இருக்கோமேன்னு வருத்தப்பட்டாரு. அதுல இருந்து வந்தது தான் ஆர்டரை எலக்ட்ரானிக்கா ஜெயிலுக்கே அனுப்புற ஃபாஸ்டர் முறை, 2022 மார்ச் 31ல தொடங்குனாங்க. பேப்பர் லேட்டாகுற பிரச்சனைக்கு அது மருந்து. ஷ்யூரிட்டி கிடைக்காத பிரச்சனை அப்படியே இருந்துச்சு.

2022 நவம்பர் 26, அரசியல் சாசன நாள் விழாவுல குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு நீதிபதிகள் முன்னாடி ஏழைக் கைதிகளைப் பத்தி மனசு விட்டுப் பேசினாங்க. மூணு நாள்ல நீதிபதிகள் கவுல், ஓகா அமர்வு, பெயில் கிடைச்சும் உள்ள இருக்கிறவங்க பட்டியலைக் குடுங்கன்னு மாநிலங்களைக் கேட்டுச்சு. வந்த கணக்கு ஏறக்குறைய 5,000 பேரு. அவங்கள்ல 1,417 பேரை அப்புறம் வெளிய விட்டதா நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) சொல்லுச்சு. யோசிச்சுப் பாருங்க, யாரோ கேட்டதால 1,417 பேரு வெளிய வந்திருக்காங்க, அதுக்கு முன்னாடி யாரும் கேக்காததால உள்ள இருந்திருக்காங்க. 2022 கடைசியில நாட்டு ஜெயில்கள்ல 5,73,220 பேரு, அதுல 4,34,302 பேரு விசாரணைக் கைதிகள், நூத்துக்கு 75.8. அந்தப் பெரிய கடல்ல 5,000 சின்ன எண்ணிக்கை தான். ஆனா மத்தவங்களுக்கு பெயில் கிடைக்குமா கிடைக்காதாங்கிற வாதமாவது இருக்கு, இந்த 5,000 பேரை விடலாம்னு நீதிபதியே சொல்லியாச்சு.

2023 ஜனவரி 31ல அதே அமர்வு போட்ட வழிகாட்டுதல்ல தான் மோதிராம் தீர்ப்புல இல்லாத கெடு வருது. பெயில் ஆர்டரை அன்னைக்கோ மறுநாளோ மெயில்ல ஜெயிலுக்கு அனுப்பணும், ஜெயில் சாஃப்ட்வேர்ல தேதியைப் பதியணும். ஏழு நாள்ல ஆள் வெளிய வரலைன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குச் சொல்லணும், அவங்க ஒரு பாரா லீகல் வாலண்டியரையோ (சட்ட உதவி பண்ற தன்னார்வலர்) வக்கீலையோ கைதிகிட்ட அனுப்பணும். ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் குடுக்க முடியலைன்னா கோர்ட் தானாவே ஃபைலை எடுத்து கண்டிஷனைக் குறைக்கலாமான்னு பாக்கலாம். கடைசியா ஒண்ணு, உள்ளூர் ஷ்யூரிட்டி தான் வேணும்னு கேக்குறதால லேட் ஆகுது, அந்த மாதிரி கேஸ்ல அந்தக் கண்டிஷனைப் போட வேண்டாம்னு. 1978ல சொன்னதையே 2023ல மறுபடி சொல்ல வேண்டி வந்திருக்கு. நடுவுல 45 வருஷம்.

2024 ஆகஸ்ட் 22ல கிரீஷ் காந்தி கேஸ். 13 கேஸ்ல பெயில் கிடைச்ச ஒருத்தர், ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனியா ஷ்யூரிட்டி கேட்டதால வெளிய வர முடியல. நீதிபதிகள் கவாய், விஸ்வநாதன் அமர்வு, ஒரே ஜாமீன்தாரர்களை வெவ்வேற கேஸுக்கும் ஏத்துக்கச் சொல்லுச்சு. ஒருத்தனுக்கு ஜாமீன் நிக்கிறதுக்கு நெருங்கின சொந்தமோ பழைய ஸ்நேகிதனோ தானே வருவாங்க, அந்த வட்டமே சின்னதுன்னு நிதர்சனத்தைப் பேசின தீர்ப்பு அது. பெயிலைக் குடுத்துட்டு தாங்க முடியாத கண்டிஷன் போடுறது, வலது கையால குடுத்ததை இடது கையால பிடுங்குற மாதிரின்னும் சொல்லுச்சு.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கு. 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ல பெயிலுக்கு முதல் தடவையா விளக்கம் வந்திருக்கு, சொந்த பாண்டு தனி, ஷ்யூரிட்டியோட வர்ற பெயில் பாண்டு தனி, ரெண்டுல எதுல விட்டாலும் அது பெயில் தான். மோதிராம் கேஸோட முதல் கேள்விக்கு கிருஷ்ணய்யர் குடுத்த பதில் 46 வருஷம் கழிச்சு சட்டப் புஸ்தகத்துக்குள்ள ஏறியிருக்கு. 479வது பிரிவுல, முன்னாடி எந்தக் கேஸ்லயும் தண்டனை வாங்காதவங்களுக்கு, அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கை விசாரணைக் கைதியாவே கழிச்சிருந்தா பாண்டுல விடணும்னு இருக்கு, மரண தண்டனை, ஆயுள் தண்டனை வர்ற கேஸைத் தவிர. ஒருத்தர் மேல ஒண்ணுக்கு மேல கேஸ் இருந்தா கிடையாதுன்னும் அதுலயே ஒரு உட்பிரிவு இருக்கு, அது எனக்குச் சரியா படல. ஒரு சம்பவத்துக்கே ரெண்டு மூணு கேஸ் போடுறது சகஜமா இருக்கிற இடத்துல இந்த ஒரு வரி நிறைய பேரை உள்ளயே நிறுத்திடும்.

2023ல மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ஜாமீன் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரைக்கும், அபராதம் கட்ட முடியாம இருக்கிற தண்டனைக் கைதிக்கு 25,000 வரைக்கும். இதனால ஒரு ஆள் வெளிய வந்தாலும் நல்லது, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அரசாங்கப் பணத்தைக் கோர்ட்ல கட்டி ஒருத்தனை விடுறதுக்குப் பதிலா அவனையே சொந்த பாண்டுல விட்டா என்ன. அவன் ஓடிப் போனா போகப் போறது அரசாங்கப் பணம் தானே, அவன் பணம் இல்லையே, அப்போ அந்தப் பணம் அவனை எப்படிக் கட்டிப் போடும். பணத்தை நம்புற மூடநம்பிக்கைன்னு 1978ல சொன்னது இதைத் தான்.

உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது பெயில் ஆர்டர் வாங்கியும் உள்ள இருந்தா

காவல்ல இருக்கிற யாரா இருந்தாலும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தோட 12வது பிரிவுலயே இருக்கு. 15100க்கு ஃபோன் பண்ணுங்க, இல்லைன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்கிற ஆணைக்குழு ஆபீஸுக்கு நேர்ல போயி, பெயில் ஆர்டர் தேதியைச் சொல்லி, ஏழு நாள் தாண்டிருச்சுன்னு எழுதிக் குடுங்க, எழுதிக் குடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கோங்க. ஷ்யூரிட்டியைக் குறைக்கச் சொல்லியோ சொந்த பாண்டுக்கு மாத்தச் சொல்லியோ மனு போடும்போது வெறும் ஏழைன்னு எழுதினா பத்தாது. எத்தனை வருஷமா அந்த விலாசத்துல இருக்காரு, என்ன வேலை, வீட்டுல யாரு யாரு, முன்னாடி எந்தக் கேஸ்லயாவது வாய்தாவைத் தவறவிட்டிருக்காரா, அவரைத் தெரிஞ்ச ரெண்டு பேரோட ஆதார் நகல், இதெல்லாம் மனுவோட சேர்க்கணும், ஏன்னா பணத்துக்குப் பதிலா இதைப் பாருங்கன்னு தான் அந்தத் தீர்ப்பு சொல்லுது. தினமும் கையெழுத்துங்கிறது வேலையைக் கெடுத்தா வாரம் ஒரு தடவையா மாத்தச் சொல்லியும் அதே மனுவுல கேளுங்க, வேலை பாக்குற இடத்துல இருந்து ஒரு கடிதம் வச்சா நல்லது. மனுவுல மோதிராம் கேஸைக் குறிப்பிடுங்க, தீர்ப்புத் தொகுப்புல அதோட எண் (1978) 4 எஸ்.சி.சி. 47. அது கூடவே 2023 ஜனவரி 31 உத்தரவோட நகலையும் இணைங்க, உள்ளூர் ஷ்யூரிட்டி வேண்டாம்ங்கிற பத்தியை பேனாவால கோடு போட்டு வைங்க.